ஒரே கரையில் இரண்டு கூட்டங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையான கேப் பகுதிக்குச் சொந்தமான இரண்டு உயிர்கள் பற்றி இந்த முறை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்று அங்குள்ள புதர்க்காட்டுத் தேனீ. மற்றொன்று அந்தக் கரையின் பாறைகளில் ஏறிக் குட்டி போடும் கேப் கடல்நாய். ‘ஃபர் சீல்’ என்று சொல்லப்படும், அடர்ந்த மயிர்ப்போர்வை கொண்ட வகை இது.

கேள்வி (விலங்கியல் மாணவி, பாளையங்கோட்டை): கேப் தேனீயையும் கேப் கடல்நாயையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று பூச்சி, மற்றொன்று பாலூட்டி. இரண்டும் கூட்டமாக வாழ்கின்றன என்பதைத் தாண்டி எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் தாண்டிப் போக நினைக்கும் ‘கூட்டம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தேனீக் கூட்டம் என்கிறோம், கடல்நாய்க் கூட்டம் என்கிறோம். சொல் ஒன்றுதான், பொருள் முற்றிலும் வேறு.

கேப் டவுனை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவில் ‘சீல் தீவு’ என்ற பாறைத்திட்டு இருக்கிறது. பரப்பு சுமார் 2 ஹெக்டேர். அதில் பல்லாயிரம் கடல்நாய்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆனால் அங்கே ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை. அவரவர் இரையை அவரவர்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குட்டி பாலுக்கு வந்தால் தாய் கடித்து விரட்டும். குட்டி போட ஏற்ற, இரைக்கடலுக்கு அருகிலுள்ள இடம் குறைவு என்பதால் எல்லாம் அங்கே கூடுகின்றன. பாதிக் கூட்டம் நாளைக்கே கிளம்பிப் போனாலும் மீதிப் பாதியின் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அது சந்தைக் கூட்டம்.

தேனீக் கூட்டம் அப்படியல்ல. கூட்டை விட்டுப் பிரித்த ஒற்றைத் தேனீ சில நாள்களுக்கு மேல் தாங்காது. புழு வளரும் அடைகளில் வெப்பம் 34, 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். குளிர்ந்தால் பணித்தேனீக்கள் சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்கவைத்துச் சூடேற்றும். வெயில் ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து அடைமேல் பூசி விசிறும். பாலூட்டியின் உடல் தன் வெப்பத்தை எப்படிக் காக்கிறதோ, அப்படித்தான் இந்தக் கூட்டம் காக்கிறது. ஆகவே ஒரு தேனீயை ஒரு கடல்நாயுடன் நிறுத்தி ஒப்பிட்டால் கணக்கு சரிவராது. ஒரு முழுத் தேனீக் கூட்டத்தை ஒரே ஒரு கடல்நாயுடன் நிறுத்திப் பாருங்கள். ராணி அந்த உடலின் சூலகம், பணித்தேனீக்கள் கையும் காலும் தோலும்.

இப்படி நிறுத்தியதும் ‘கடல்நாய் ஆண்டுக்கு ஒரு குட்டி போடுகிறது, ராணி ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடுகிறது’ என்ற வழக்கமான ஒப்பீடு விழுந்துவிடும். அந்த முட்டைகளில் பெரும்பாலானவை தேய்ந்துபோன தேனீக்களின் இடத்தை நிரப்புபவை. நம் உடலில் தோலணுக்கள் புதுப்பிக்கப்படுவது போல. தேனீக் கூட்டத்தின் உண்மையான பிரசவம், பழைய ராணி ஒரு பெரும் பங்குத் தேனீக்களுடன் பிரிந்து போகும் நாள்தான். அது ஆண்டுக்கு ஒரு முறை, சில வேளை இரண்டு மூன்று முறை நடக்கும், சில ஆண்டுகளில் நடக்கவே நடக்காது. இப்போது ஒரு குட்டிக் கணக்குக்கு அருகில் வந்துவிட்டோமா? பிரிந்து போகும் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டே கிளம்பும், அதுதான் அந்தப் பிரசவத்தின் சீதனம். கடல்நாய்த் தாயோ குட்டிக்கு எட்டு, பத்து மாதம் பால் கொடுக்கிறாள்.

இன்னொரு நல்ல ஒப்பீடு, இணைசேர்தலையும் பிறப்பையும் இரண்டும் தள்ளித் தள்ளி வைக்கும் முறை. அக்டோபரில் பெரிய ஆண் கடல்நாய்கள் கரையேறி இடம்பிடிக்கும், இடத்தை விட்டால் போய்விடும் என்று வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். நவம்பர், டிசம்பரில் குட்டிகள் பிறக்கும். ஈன்ற ஒரு வாரத்துக்குள் தாய் மறுபடி இணைசேரும். கரு உடனே கருப்பையில் ஒட்டாமல் மூன்று, நான்கு மாதம் வளராமல் காத்திருக்கும். பிறகு ஒட்டி, எட்டு மாதம் போல வளர்ந்து, அடுத்த ஆண்டு அதே பருவத்தில் பிறக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் குட்டி ஆகஸ்ட் குளிரில் பிறக்கும், அப்போது கூட்டமும் கரையில் கூடியிருக்காது. ராணித்தேனீ இளமையில் சில நாள் மட்டும் வெளியே பறந்து பல ஆண் தேனீக்களுடன் இணைசேரும். அந்த விந்தை வயிற்றில் ஒரு சிறு பையில் சேமித்து ஆண்டுக்கணக்கில் செலவழிக்கும். கடல்நாய் கருவை நிறுத்திவைக்கிறது, ராணி விந்தை நிறுத்திவைக்கிறாள்.

ஒன்றை மறக்காமல் எழுதுங்கள்: கேப் தேனீ தனி இனமல்ல, மேற்கத்தியத் தேனீ இனத்தின் ஒரு துணையினம், ஏபிஸ் மெல்லிஃபெரா கேப்பென்சிஸ். கேப் கடல்நாயும் ஆர்க்டோசெஃபாலஸ் புசில்லஸ் என்ற இனத்தின் ஆப்பிரிக்கத் துணையினம். மற்றொரு துணையினம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. கூட்டமே ஓர் உடல் என்று மேலே சொன்னோம். அந்த விதியைக் கேப் தேனீயே மீறும் இடமும் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி (தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்): ராணி இறந்த பெட்டியில் பணித்தேனீக்கள் முட்டையிட்டால் ஆண் தேனீ மட்டும்தான் வரும், பெட்டி அழியும். கேப் தேனீயில் பணித்தேனீ இட்ட முட்டையிலிருந்து பெண் தேனீயே வரும் என்று கேள்விப்பட்டேன். இது உண்மையா? நம் இந்தியத் தேனீப் பெட்டியில் பணித்தேனீ முட்டையிட ஆரம்பித்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உண்மை. கேப் பகுதியின் தேனீ வளர்ப்பாளர் ஆனியன்ஸ் 1912இலேயே இதைக் கண்டு எழுதினார்.

தேனீக்களில் கருவுற்ற முட்டைக்கு 32 குரோமோசோம், அது பெண். கருவுறாத முட்டைக்கு 16, அது ஆண். பணித்தேனீ இணைசேராததால் அதன் முட்டை 16 உடன் ஆணாகவே பிறக்கும். கேப் பணித்தேனீயின் முட்டையிலோ, உருவாகும் நேரத்தில் பிரிந்த நான்கு பங்குகளில் இரண்டு திரும்ப ஒன்று சேர்ந்துகொள்கின்றன. பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு, ஆக மகள். தகப்பன் கிடையாது, கிட்டத்தட்ட தாயின் அச்சு. ராணியை இழந்த கேப் கூட்டம் இந்த முட்டையிலிருந்தே புது ராணியை வளர்த்துப் பிழைத்துக்கொள்ளும். காற்று ஓயாத அந்தக் கடற்கரையில் ராணி வெளியே பறந்து திரும்பாமல் போகும் ஆபத்து அதிகம் என்பதால் இந்த வழி நிலைத்திருக்கலாம் என்பது பலர் கருத்து.

இனி உங்கள் பெட்டி. இந்தியத் தேனீயில் ராணி போன பிறகு பணித்தேனீக்களின் சூலகம் மற்றத் தேனீக்களைவிட விரைவாக விழித்துக்கொள்ளும். எனவே நாள்களை வீணாக்க முடியாது.

முதலில் அடையாளம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று, அடைச்சட்டத்தை, சூரியன் உங்கள் தோளுக்கு மேலாக அறைக்குள் விழும்படி பிடியுங்கள். ராணி இட்ட முட்டை அறையின் அடியில், நடுவில், ஒன்றே ஒன்றாக நட்டுவைத்தது போல நிற்கும். பணித்தேனீயின் வயிறு குட்டை, அடி வரை எட்டாது. அதனால் முட்டை அறையின் பக்கச்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும், ஒரே அறையில் இரண்டு, மூன்று, ஐந்து என்று கிடக்கும். சில நாள் கழித்துப் பணித்தேனீ அறைகளிலேயே மூடி மேடாகப் புடைத்து, ஆங்காங்கே சிதறலாகத் தெரியும். இந்தியத் தேனீயில் ஆண் புழு அறை மூடியின் உச்சியில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை இருக்கும், அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் ராணியும் முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு இடுவாள். ஆனால் அவை அடியில்தான் இருக்கும். அவசரப்பட்டு அந்தப் பெட்டியைக் கலைத்துவிடாதீர்கள்.

ராணி போய் ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் வேலை சுலபம். நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் ஓரிரு நாள் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைத் தேனீக்களை உதறிவிட்டு எடுத்து இதில் நடுவில் வையுங்கள். மூன்றாம் நாள் ராணி அறை தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் மூடிவிட்டு, மூன்று வாரம் தொல்லை கொடுக்காதீர்கள். ராணி வெளிவருவதும் இணைசேரப் பறப்பதும் அதற்குள் முடிந்து முட்டை தெரிய வேண்டும்.

பணித்தேனீ முட்டையிடத் தொடங்கிய பின் என்றால் அந்த ஒரு சட்டம் போதாது. அதுகளுக்கு ராணி இருக்கும் நினைப்பு, எனவே ராணி அறை கட்டாது. வாரத்துக்கு ஒரு சட்டம் என்று இரண்டு, மூன்று வாரம் திறந்த புழுச் சட்டம் கொடுத்தால் அந்தப் புழுக்களின் வாசனை சூலகங்களை மெல்ல அடக்கும். ஒரு கட்டத்தில் ராணி அறை எழும். ஆனால் இதற்குள் தேனீக்கள் கிழடாகிவிடும். இரண்டு சட்டம் மூடும் அளவுக்குக்கூடத் தேனீ இல்லையென்றால் எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: ராணியுள்ள வலுவான பெட்டியுடன் சேர்த்துவிடுங்கள். ஆண் புழுச் சட்டங்களை முதலில் எடுத்துவிடுங்கள். மாலை இருட்டும் நேரத்தில் வலுவான பெட்டியின் மேல் ஒரு நாளிதழ்த் தாளை விரித்து, ஊசியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, அதன்மேல் ராணி இல்லாத இந்தப் பெட்டியை வையுங்கள். தாளை இரண்டு பக்கமும் கடித்துத் தீர்க்க இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் வாசனை கலந்துவிடும்.

செய்யக் கூடாதது, காசு கொடுத்து வாங்கிய ராணியை நேரே உள்ளே விடுவது. பந்து போலச் சூழ்ந்து கொன்றுவிடும். தினமும் திறந்து பார்ப்பதும் கூடாது, இந்தியத் தேனீ கோபித்துக்கொண்டு பெட்டியை விட்டே ஓடிப்போகும் குணமுடையது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் கேப் தேனீ நல்ல தேனீதானே? ராணி போனாலும் கவலை இல்லையே?

பதில்: தன் ஊரில் இருக்கும்வரை நல்ல தேனீ. 1990இல் தென்னாப்பிரிக்கத் தேனீ வளர்ப்பாளர்கள் கேப் கூட்டங்களை வடக்கே, ஸ்குடெல்லாட்டா என்ற மற்றொரு துணையினம் வாழும் பகுதிக்கு லாரியில் கொண்டுபோனார்கள். நடந்ததை அங்கே இன்றும் ‘கேப்பென்சிஸ் பேரழிவு’ என்றே சொல்கிறார்கள்.

வழி தவறிய தேனீ போல ஒரு கேப் பணித்தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அதன் உடலில் ராணியின் வாசனை ஊறுகிறது. வீட்டுக்காரத் தேனீக்கள் அதை ராணி என்று நம்பி ஊட்டுகின்றன. அது இடும் முட்டைகள் ராணி இட்ட முட்டைகளைப் போலவே ஏமாற்றித் தப்பிக்கின்றன, அதன் புழுக்களுக்குச் சாப்பாடும் கூடுதலாகக் கிடைக்கிறது. பிறக்கும் மகள்களும் முட்டையிடும், பூவுக்குப் போவதில்லை. உண்மை ராணி விரைவில் காணாமல் போகிறாள். வேலை செய்யும் தேனீக்கள் செத்துத் தேய, தின்பவர்கள் மட்டும் பெருகி, பெட்டி காலியாகிறது. மிஞ்சியவை அடுத்த பெட்டிக்குப் போகின்றன. இன்னும் அதிர வைப்பது, வடக்கே பரவிய அந்த ஒட்டுண்ணித் தேனீக்களை மரபணுவால் சோதித்தபோது எல்லாம் ஒரே ஒரு பணித்தேனீயின் வழித்தோன்றல்கள் என்று தெரிந்தது.

பரப்பியதில் பெரும்பங்கு மனிதக் கைதான். ஒரு பெட்டியின் சட்டத்தை மற்றொன்றில் வைப்பது, பெட்டிகளை நெருக்கமாக அடுக்குவது, பலவீனமான பெட்டிகளைச் சேர்ப்பது எல்லாம் அதற்கு ஏணி போட்டுக் கொடுத்தன. இப்போது அங்கே சட்டப்படி ஒரு எல்லைக்கோடு உண்டு. வடக்குத் தேனீ தெற்கே வரக் கூடாது, கேப் தேனீ வடக்கே போகக் கூடாது, ஒட்டுண்ணித் தேனீ புகுந்த பெட்டிகளை அழித்துவிட வேண்டும். கூட்டமே ஓர் உடல் என்று சொன்னோம் அல்லவா? இந்தத் தேனீ அந்த உடலுக்குள் புற்றுநோய் போல வளர்கிறது. எனவே வெளிநாட்டுத் தேனீயை, அது எவ்வளவு ‘நல்லது’ என்று விற்றாலும், தனிப்பட்ட முறையில் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

கேள்வி (ஆசிரியை, நாகர்கோவில்): பல்லாயிரம் குட்டிகள் கத்தும் கரையில் கடல்நாய்த் தாய் தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? தேனீக்கள் தம் கூட்டத்தாரை அறிவது போலத்தானா?

பதில்: இல்லை. தேனீ வாசலில் காவல் நிற்பவை வருகிறவரின் உடலை உணர்கொம்பால் தொட்டு, ‘நம் வீட்டு வாசனையா?’ என்று மட்டும் கேட்கும். ஆளை அறியாது. அதிலும் தேன்சுமையுடன் பணிவாக வரும் அந்நியத் தேனீயைப் பல வேளை விட்டுவிடும். மேலே சொன்ன கேப் பணித்தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் நுழைவதும் இந்தச் சந்து வழியாகத்தான்.

கடல்நாய்த் தாய்க்குக் கூட்டம் பொருட்டல்ல, ஒரே ஒரு குரல்தான் பொருட்டு. ஈன்ற சில மணி நேரத்துக்குள் தாயும் குட்டியும் ஒருவர் குரலை ஒருவர் கற்றுக்கொள்கின்றன. பிறகு தாய் நாள்கணக்கில் கடலில் மீன் தேடிவிட்டுத் திரும்பும்போது நீர்விளிம்பிலிருந்தே கூப்பிட்டபடி ஏறிவருவாள். குட்டியும் பதில் கொடுத்துக்கொண்டே மற்றவர்மேல் ஏறி விழுந்து வரும். கடைசிச் சோதனை மூக்கு: முகர்ந்து பார்த்து, மணம் ஒத்தால்தான் மடி காட்டுவாள். குரல் ஒத்து மணம் ஒவ்வாவிட்டால் கடிதான். படகுகளும் மனிதர்களும் கரையை நெருங்கிக் கூட்டம் கலைந்து கடலில் பாயும்போது குட்டிகள் நசுங்குவதும், தாயை இழந்து பட்டினியில் சாவதும் இதனால்தான். அங்கே வேறு தாய் தத்தெடுப்பாள் என்று நம்புவதற்கில்லை.

கேள்வி (வாசகர், மதுரை): தேனீக்கும் உடம்பெல்லாம் மயிர், கடல்நாய்க்கும் மயிர். வேலை ஒன்றுதானா?

பதில்: தேனீயின் மயிர் இறகு போலக் கிளைவிட்டிருக்கும், மகரந்தம் சிக்கத்தான் அது முக்கியம். கடல்நாயின் மயிர் இரண்டு அடுக்கு. வெளியே முரட்டு மயிர், அடியில் பஞ்சு போன்ற நெருக்கமான மயிர். அடிமயிரில் காற்று சிறைப்பட்டு, குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தின் நீர் தோலில் படாமல் தடுக்கும். எண்ணெய் பட்டால் இந்தக் காற்றுப்படலம் உடைந்துவிடும். பிறந்த குட்டியின் கறுப்பு மயிர் இந்த வேலைக்குப் போதாது, மூன்று முதல் ஐந்து மாதத்தில் உதிர்ந்து புது மயிர் வரும்வரை அது ஆழக்கடலுக்குப் போவதில்லை. கரையில் வெயில் ஏறினால் இதே போர்வை பகையாகும். அப்போது மயிரில்லாத துடுப்புக்கால்களை ஈரத்தில் நனைத்து, விரித்து, வெப்பத்தை வெளியேற்றும்.

கேள்வி (குடும்பத்துடன் பயணம் செல்பவர், சென்னை): டிசம்பரில் கேப் டவுன் போகிறோம், இரண்டு சிறு பிள்ளைகள். கடியிலும் கொட்டிலும் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: இரண்டையும் தூரத்திலிருந்து பாருங்கள், பயம் தேவையில்லை. ஆனால் கடல்நாய் விஷயத்தில் ஒரு புதிய காரணம் இருக்கிறது: 2024இல் அந்தக் கரையின் கடல்நாய்களில் வெறிநோய் உறுதியானது. துறைமுகப் படிக்கட்டில் படுத்திருக்கும் கடல்நாய் பழகியது போலத் தெரியும், சிலர் மீன் காட்டிப் படம் எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளை அருகே விடவே வேண்டாம். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, எச்சில் பட்ட புண்ணாக இருந்தாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசியும், தேவையானால் நேரடியாகப் புண்ணில் போடும் எதிர்ப்புரதமும் (இம்யூனோகுளோபுலின்) கேளுங்கள். நாய்க்கடிக்குச் செய்வது போலத்தான், ஒன்றும் குறைக்கக் கூடாது. நீரில் இறங்கி நீந்தும்போது அருகே வந்தாலும் அமைதியாக விலகிக் கரையேறுங்கள்.

தேனீக்கு: கொட்டிய இடத்தில் முள் தங்கியிருக்கும், அதன் விஷப்பை கழன்ற பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டேயிருக்கும். நகத்தாலோ அட்டையாலோ எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள். எந்த முறை என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். பல தேனீக்கள் சூழ்ந்தால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், மேலே காத்திருக்கும். மூச்சுத்திணறல், உதடு, நாக்கு வீக்கம், தலைசுற்றல் வந்தால் அது ஒவ்வாமை, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கூட்டம் சீறினால் என்ன ஆகும் என்பதற்கு அங்கேயே சாட்சி உண்டு: 2021 செப்டம்பரில் சைமன்ஸ்டவுன் பகுதியில் 63 பென்குயின்கள் தேனீ கொட்டி இறந்தன. இறகு மூடாத கண்ணோரங்களில்தான் கொட்டுகள் அதிகம் இருந்தன.

கேள்வி (பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர்): கேப் கடல்நாயின் பெயரிலுள்ள ‘புசில்லஸ்’ என்றால் மிகச் சிறியது என்கிறார்கள். ஆனால் ஃபர் சீல்களிலேயே இதுதானே பெரியது?

பதில்: ஆமாம். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டி 300க்கும் மேல் போகும். 1775இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஷ்ரேபர் இதற்குப் பெயரிட்டபோது அவர் முன் இருந்தது ஒரு குட்டியின் படம்தான். பெயர் வைத்த பின் மாற்றக் கூடாது என்பது விலங்கியல் விதி, எனவே அந்தப் பெரிய விலங்கு இன்றும் ‘சிறியது’ என்ற பெயரையே சுமக்கிறது.

கேள்வி (தாவரவியல் ஆய்வாளர், திருச்சி): கேப் புதர்க்காடு அடிக்கடி எரியும் காடு. அங்கே தேனீக்கூடு எப்படித் தப்புகிறது?

பதில்: காட்டுக் கேப் தேனீக்கள் மரப்பொந்தைவிடப் பாறை இடுக்கிலும் பாறையடித் தரையிலும் கூடு கட்டுவதே அதிகம். கூட்டின் திறந்த பக்கம் முழுவதையும் பிசின் சுவரால் அடைத்து, புகுவதற்குச் சில ஓட்டைகள் மட்டும் விடும். 2015 மார்ச்சில் கேப் முனை எரிந்தபோது கவனித்த கூடுகளில், சுவரின் வெளிப்பக்கம் உருகியும் உள்ளே அடைகள் தப்பியிருந்தன. புகை வந்ததும் தேனீக்கள் தேனைக் குடித்து நிரப்பிக்கொண்டு உள்ளே ஒடுங்கும், தேனீ வளர்ப்பவர் பெட்டியைத் திறக்கும்போது அடிக்கும் புகைக்குக் காட்டும் அதே பதில்தான். சுற்றிலும் பூ இல்லாத நாள்களில் அந்தச் சேமிப்பே சாப்பாடு. சில வாரங்களில், தீக்குப் பிறகு மட்டும் முளைக்கும் கிழங்குச் செடிகள் பூக்கத் தொடங்கும், அதுவரை தாங்கினால் போதும்.